வெட்டுபவனின் வெறுமை

ஜென் துறவி தகுவான் சோஹோ, தொகுகவா ஷோகன்களின் வாள் ஆசானான யாக்யூ முனெனோரிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். எதிராளியின் வாளில் மனம் தங்கினால் அங்கேயே தோல்வி. தன் வாளில் தங்கினாலும், வெல்ல வேண்டும் என்ற நினைப்பில் தங்கினாலும் அதே கதிதான் என்கிறது அது. ஆயிரம் கை கொண்ட கருணைப் போதிசத்துவர் கன்னோன் ஒரே கையில் மனத்தை நிறுத்தினால் மற்ற 999 கைகளும் வீண். தேர்ந்த கை எப்படி இயங்குகிறது என்பதற்கு இவ்வளவு நுட்பமான விளக்கம் அரிது. ஆனால் எழுதியவர் கொல்லாமையை முதல் சீலமாக ஏற்ற பௌத்தர். பெற்றவர் வெட்டக் கற்பிப்பவர். இந்த இடைவெளியை மனம் தங்காத நிலை நிரப்பிவிடும் என்று தகுவான் நம்பினார். அது நிரப்பவில்லை என்பதற்கு அவருடைய கடிதமே சாட்சி.

கடிதத்தில் தகுவான் 13-ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி ஒருவரை நினைவுகூர்கிறார். பின்னாளில் ஜப்பானுக்கு வந்து காமகுராவில் எங்ககுஜி மடத்தை நிறுவிய முகாகு சோகென்தான் அவர். மங்கோலியப் படைவீரர்கள் வாளை ஓங்கியபோது, வெட்டப்பட இங்கே எதுவும் இல்லை என்ற பொருளில் அவர் ஒரு பாடல் சொல்லி அசையாமல் இருந்தார். தகுவான் இதற்கு உரை எழுதும்போது வெறுமையை மூன்று இடங்களுக்கும் நீட்டுகிறார்: வெட்டுண்பவனும் வெறுமை, வாளும் வெறுமை, வெட்டுபவனும் வெறுமை. இங்கேதான் வாதம் வழுக்குகிறது. கழுத்தை நீட்டியவர் தன்னைப் பற்றிச் சொன்னது ஞானம். வாள் பிடித்தவன் அதையே எதிரில் நிற்பவனைப் பற்றிச் சொன்னால் அது தனக்குத் தானே வழங்கிக்கொள்ளும் மன்னிப்பு. எல்லாம் வெறுமையென்றால் காக்க வேண்டிய தலைவனும் இல்லை, ஓங்கக் காரணமும் இல்லை. வெறுமை கொல்லப்படுபவனை மட்டும் கரைத்து, ஷோகனின் ஆட்சியைக் கரைக்காமல் விடுவது எப்படி?

உயர்ந்த உண்மையை நடைமுறை அறத்தால் அளக்கலாமா என்று பௌத்தர் ஒருவர் கேட்கலாம். அதற்கு வெறுமைக் கோட்பாட்டின் பௌத்த மெய்யியலாளர் நாகார்ஜுனரே பதில் சொல்லியிருக்கிறார். வெறுமைக் கோட்பாடு அறத்தை அழிக்கிறது என்ற குற்றச்சாட்டை மூலமத்யமக காரிகையின் 24-ஆம் அதிகாரத்தில் எடுத்துக்கொண்டு, நடைமுறை உண்மையைப் பற்றாமல் உயர்ந்த உண்மையைப் போதிக்கவே இயலாது என்கிறார். தவறாகப் புரிந்த வெறுமையை, தவறாகப் பிடித்த பாம்புக்கு ஒப்பிடுகிறார். தகுவானும் இதை உள்ளூர உணர்ந்தவர்தான். கடிதத்தின் இறுதியில், பிரபுக்களிடம் கைநீட்டாதே, மகனைத் திருத்துமுன் உன்னைத் திருத்து, நடனத்தில் உனக்குள்ள மோகம் நோய் என்று முனெனோரியைக் கண்டிக்கிறார். 1629-இல் ஷோகன் ஆட்சியை எதிர்த்து நாடுகடத்தப்பட்டவருக்கே உரிய துணிவு அது. ஆனால் தங்காத மனம் தானாகவே நல்லொழுக்கத்தைத் தருமானால், தேர்ந்த வாள்வீரனுக்கு இந்தப் பழைய பாணி புத்திமதி எதற்கு?

முனெனோரி 1632-இல் முடித்த தம் நூலில் வேறொரு நியாயம் சொன்னார்: ஒரு தீயவனால் பல்லாயிரம் பேர் துன்புறும்போது அவனை வெட்டும் வாள் உயிர் தரும் வாள். அரண்மனைச் சம்பளக்காரரின் நியாயம்தான். தீயவன் யார் என்று தீர்மானிப்பது அதே அரண்மனை. 1637–38-இல் ஷிமபாராவில் வரிக்கொடுமையும் மதத்தடையும் தாங்காமல் எழுந்த குடியானவர்களை அது எப்படித் தீர்மானித்தது என்பதை வரலாறு அறியும். ஆனாலும் இந்த நியாயத்தோடு சண்டை போடலாம். ஆதாரம் கேட்கலாம், பொய் என்று காட்டலாம். வெறுமையின் பெயரால் வரும் சமாதானத்திடம் எதைக் கேட்பது?

பகை இல்லாத மனம் அநாவசியமாக வெட்டாது, ஆகவே இந்தப் பயிற்சி கொலையைக் குறைக்கும் என்பார்கள். ஆத்திரத்தில் விழும் வெட்டு குறையும், உண்மைதான். கட்டளையால் விழும் வெட்டு குறையாது. அதற்குத் தயக்கமற்ற கையே போதும். ஜென் அறிஞர் டி.டி. சுசுகி ஜென்னும் ஜப்பானியப் பண்பாடும் பற்றிய தம் நூலை 1959-இல் விரிவாக்கி வெளியிட்டபோதும், கட்டாயத்தால் வாளெடுப்பவனைப் பொறுத்தவரை கொல்வது அவனல்ல, வாளே என்று எழுத முடிந்தது. அதற்கு முன் ஒரு பெரும்போர் நடந்து முடிந்திருந்தது.

இவர்களோடு ஒப்பிட்டால் வாள்வீரர் மியாமோட்டோ முசாஷி நேர்மையானவர். 1643-இல் ஹிகோ நாட்டு மலையேறி, கன்னோனை வணங்கிவிட்டுத்தான் 'ஐந்து வளையங்களின் நூலை' எழுதத் தொடங்குகிறார். ஆனால் பௌத்தச் சொற்களைக் கடன் வாங்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். வாளைக் கையில் எடுத்தால் நோக்கம் எதிராளியை வெட்டுவதுதான். தடுப்பதும் தட்டுவதும் தொடுவதும் அதற்காகவே என்கிறார். அறுபதுக்கும் மேற்பட்ட போட்டிகளில் வென்றதற்குக்கூட, எதிராளிகளின் குறைபாடு காரணமாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறார். ஐந்தாம் சுருளில் மட்டும் அவரும் சறுக்குகிறார். சில பத்திகளே உள்ள அந்தச் சுருளுக்கு வெறுமை என்றே பெயர். அங்கே தீமைக்கு இடமில்லை என்று முடிக்கிறார். அறுபது முறை எதிரே நின்றவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.