மாற்றுச் சாவி



நமது பரமக்குடியில் கார் வைத்திருக்கிற குடும்பங்கள் இன்று அநேகம். அவர்களில் எத்தனை பேரிடம் இரண்டு சாவிகள் இருக்கின்றன? இது உலகக் காரியமாயிற்றே, ஞானக் காரியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று கேட்பீர்கள். விளக்கையும் எண்ணெயையும் பூட்டிய கதவையும் கொண்டு நம் ஆண்டவர் மோட்ச காரியத்தைப் போதிக்கவில்லையா? அவ்வாறே நாமும் ஒரு சாவியைக் கையிலெடுத்துச் சற்று தியானிப்போம்.

முதலாவது, மாற்றுச் சாவியைக் காலத்தில் செய்ய வேண்டும். புதுக் கார் வாங்கும்போது பெரும்பாலும் இரண்டு சாவிகள் கொடுப்பார்கள். பழைய கார் வாங்குகிறவர்களுக்கோ பலமுறை ஒன்றுதான் கிடைக்கிறது. ஒன்று போதுமே என்று இருந்துவிடுகிறோம். செப்டம்பர் 8-ந் தேதி திருநாளுக்குக் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போய், அந்த ஜனத்திரளில் அது விழுந்துவிட்டால்? வயோதிகத் தாயும் கைக்குழந்தையும் நடுராத்திரியில் பூட்டிய காரின் அருகே நிற்க வேண்டியதுதான். கையில் ஒரு சாவி இருக்கையில் இன்னொன்று செய்வது எளிது. பல கார்களில் பழைய சாவியைக் கொண்டே புதியதைக் காருக்கு அறிமுகப்படுத்தலாம். எல்லாம் தொலைந்த பின்போ செலவும் அதிகம், நாளும் அதிகம். புத்தியில்லாத ஐந்து கன்னியரும் எண்ணெய் வாங்கப் போகாமல் இல்லை. நேரம் கடந்து போனார்கள். அதுதான் அவர்கள் குறை. நல்ல பாவசங்கீர்த்தனத்தைச் சாகும் படுக்கைக்கென்று தள்ளிப்போடுகிறவர்கள் இதைக் கவனிக்கக்கடவார்கள்.

இரண்டாவது, மாற்றுச் சாவி மெய்யானதாய் இருக்க வேண்டும். முற்காலத்துக் காருக்கு, சாவி வெட்டுகிறவர் அரத்தால் பல் தேய்த்துக் கொடுத்தால் போதும். இப்போதுள்ள கார்களில் பெரும்பாலானவற்றின் சாவித் தலைக்குள் மிகச் சிறிய மின்னணுச் சில்லு ஒன்று உண்டு. சாவியைப் போட்டதும் கார் அந்தச் சில்லிடம் அதன் இரகசிய எண்ணைக் கேட்கும். எண் ஒத்துவராவிட்டால் இஞ்சின் ஓடாது. இந்தக் காவலை இங்கிலாந்து தேசத்தில் 1998-ம் ஆண்டு அக்டோபர் முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். ஆகையால் பல்லை மட்டும் வெட்டிய சாவி கதவைத் திறக்கும், பூட்டிலும் திரும்பும். ஆனால் கார் அதை அறியாது. அந்தக் கன்னியர் கையிலும் விளக்கு இருந்தது. மணவாளனோ அவர்களை அறியேன் என்று சொல்லிவிட்டார். நெற்றியில் சிலுவை வரைந்து, கழுத்தில் ஜெபமாலை அணிந்து, பூசைக்கு வந்து போகிறோம். வெளிவடிவத்தில் குறையில்லை. உள்ளத்தில் தேவ சிநேகம் என்னும் அடையாளம் இருக்கிறதா?

மூன்றாவது, மாற்றுச் சாவி தகுந்த கையில் இருக்க வேண்டும். இசையாஸ் தீர்க்கதரிசி ஆகமம் 22-ம் அதிகாரத்தில், தாவீது வீட்டின் திறவுகோல் எலியாக்கீமின் தோளின்மேல் வைக்கப்படுவதாக வாசிக்கிறோம். கையிலல்ல, தோளின்மேல்! சாவி ஒரு பாரம். அர்ச்சியசிஷ்ட இராயப்பருக்கு ஆண்டவர் கொடுத்த திறவுகோல்களும் அலங்காரத்துக்கல்ல, மந்தையைக் காக்கும் பொறுப்புக்கே. நமது கோவில்களில் தேவநற்கருணைப் பேழையின் சாவியை மிகுந்த கவனத்தோடு காக்க வேண்டுமென்று 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 938-ம் பிரிவு கட்டளையிடுகிறது.

நம் வீட்டிலோ, மாற்றுச் சாவி வாசலோரத்து ஆணியில் தொங்குகிறது! தகப்பனார் தறிமேடையிலோ கடையிலோ இருக்கையில், பதினைந்து வயதுப் பிள்ளை அதை எடுத்துக்கொண்டு மதுரை ரோட்டில் காரைச் செலுத்துகிறான். பையன் கெட்டிக்காரன் என்று மெச்சிக்கொள்ளும் பெற்றோரும் உண்டு. 2019-ம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவின்படி, 18 வயது நிறையாதவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், அவனுடைய பாதுகாவலரோ வண்டிக்குச் சொந்தக்காரரோ 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் அடைய நேரிடும். தமக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்கும் பாரமும் அவருடையதே. சட்டத்துக்குத் தப்பினாலும், ரோட்டில் நடந்து போன ஓர் ஏழையின் உயிர் போய்விட்டால், சர்வேசுரன் சந்நிதியில் என்ன கணக்குக் கொடுப்போம்? சாவியை மறுப்பது பிள்ளையிடம் அன்பில்லாததாலல்ல. அன்பிருப்பதாலேயே மறுக்கிறோம். இதை அவனை அருகில் உட்காரவைத்து, கோபமின்றிச் சொல்லுங்கள்.

ஆகையால், பிரியமானவர்களே, இந்த வாரத்தில் மூன்று காரியம் செய்யுங்கள். ஒரே சாவி உள்ளவர்கள் ஆர்.சி. புத்தகத்தையும் அடையாள அட்டையையும் கொண்டுபோய், நம்பிக்கையான இடத்தில் இரண்டாவது சாவி செய்துகொள்ளுங்கள். அதை வாங்கும்போதே இஞ்சினை ஓட்டிப் பாருங்கள். பின்பு ஆணியிலிருந்து எடுத்து, புருஷனும் மனைவியும் மாத்திரம் அறிந்த இடத்தில் வையுங்கள்.

இரவு ஜெபத்துக்கு முழந்தாளிடும்போது, ஆண்டவர் உங்களை நம்பி ஒப்படைத்த பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள். கடைசி நாளில் அவர் நம்மை அறிந்து, வாசலைத் திறந்து உள்ளே சேர்த்துக்கொள்ளக்கடவார். ஆமென்.