ஊரார் சாவி உங்கள் கையில்

டேட்டா பைப்லைன் வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளே, முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். அலுவலக விபிஎன்னை அணைத்துவிட்டு, உங்கள் ஏர்ஃப்ளோ பக்கத்தைச் சொந்த போனில் திறந்து பாருங்கள். லாகின் பக்கம் வந்தாலே கவலைப்பட வேண்டியதுதான். அதுகூடக் கேட்காமல் உள்ளே விட்டால், மற்ற வேலையெல்லாம் அப்புறம். இப்போதே அதை இணையத்திலிருந்து துண்டியுங்கள்.

ஏர்ஃப்ளோ போல, நள்ளிரவில் தானே ஓடி, இங்கிருக்கும் தகவலை எடுத்து அங்கே சேர்க்கிற கருவிக்கு இரண்டு பக்கத்துச் சாவியும் தேவை. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, கிளவுட் கணக்கின் டோக்கன், பணம் செலுத்தும் சேவையின் ரகசியக் குறியீடு என்று எல்லாம் ஒரே கொத்தில் தொங்குகின்றன. திருட வருபவன் பத்து இடம் அலைய வேண்டியதில்லை.

“புது வெர்ஷன் போட்டுவிட்டோமே” என்பீர்கள். அது மட்டும் போதாது. 2020 ஜூலையில் 1.10.11 வரும்வரை, ஏர்ஃப்ளோவின் ஏபிஐ, வந்தவர் யார் என்று கேட்காமலே கட்டளையை ஏற்கும்படிதான் அமைக்கப்பட்டிருந்தது. திருத்தம் புதிதாக நிறுவியவர்களுக்குத்தான் தானாகக் கிடைத்தது. பழைய கான்ஃபிக் ஃபைலை அப்படியே வைத்துக்கொண்டு வெர்ஷனை மட்டும் ஏற்றியவர்கள் அதில் இந்த அனுமதியைத் தரும் வரியைத் தாங்களே மாற்ற வேண்டியிருந்தது. மாற்றாதவரை கதவு திறந்தேதான் கிடந்தது. ஏர்ஃப்ளோவுடன் கூடவே வந்த மாதிரி பைப்லைன்களில் ஒன்றில் (யாரும் அழிக்காமல் விட்டுவைப்பார்களே, அதில்தான்) சர்வரில் விரும்பிய கட்டளையை ஓட்ட வழி இருந்தது. தாக்குதல்காரர்கள் உண்மையிலேயே பயன்படுத்தும் ஓட்டைகளின் பட்டியலில் இரண்டையும் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2022 ஜனவரியில் சேர்த்தது.

“எங்களுடையது அமேசானே நடத்துகிற ஏர்ஃப்ளோ” என்பதும் சமாதானம் ஆகாது. அதிலும் பிறர் லாகினைக் கைப்பற்ற ஓட்டை இருந்ததை டெனபிள் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்டார்கள். அமேசான் அடைத்துவிட்டது, சரி. கருவிக்கு நீங்கள் தாராளமாகக் கொடுத்திருக்கும் அட்மின் அதிகாரத்தையும் அமேசானா வந்து குறைக்கும்?

2021-இல் இன்டெசர் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் இணையத்தில் திறந்துகிடந்த ஏர்ஃப்ளோ சர்வர்களை ஆராய்ந்தபோது, பாஸ்வேர்டுகளைப் பைத்தான் கோடுக்குள்ளேயே எழுதி வைத்திருந்ததுதான் கசிவுக்கு முதன்மையான காரணமாகத் தெரிந்தது. அவசரத்துக்கு எழுதியது, அப்புறம் எடுத்துவிடலாம் என்ற பேச்சு வேண்டாம். இன்றே எடுங்கள். எடுத்தால் மட்டும் போதாது. கிட் வரலாற்றில் அது அப்படியே இருக்கும். பாஸ்வேர்டையே மாற்றி, புதியதை சீக்ரெட் மேனேஜரில் வையுங்கள். ஒரு டேபிளைப் படிக்கும் வேலைக்கு அந்த டேபிளைப் படிக்கிற உரிமை போதும். போன வருடம் வேலையை விட்டவரின் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மேலாளர்களே, இந்த ஸ்பிரிண்டில் இதற்கு இடமில்லை என்று சொல்லாதீர்கள். அந்த டேபிளில் இருப்பது யாரோ ஒருவருடைய மருந்துச் சீட்டு, சம்பளம், போன் நம்பர். உங்கள் ஸ்பிரிண்ட் கணக்கு அவர்களுக்குத் தெரியாது. கசிந்தது தெரிந்தால் மூடி மறைக்கவும் வேண்டாம். இந்தியாவில் 6 மணி நேரத்துக்குள் அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022-இல் வந்த விதி. யார் தவறு என்ற விசாரணையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.