முகம் காட்டாத மாணவன்

2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலம். ஊரடங்கு தளர்ந்து, பள்ளிபாளையத்தில் விசைத்தறிகள் மீண்டும் ஓடத் தொடங்கியிருந்தன. தறிக்கூடத்தை ஒட்டிய ஒற்றை அறையில் வாழும் குடும்பம் ஒன்றை நாம் அறிவோம். மகன் பொறியியல் மாணவன். கல்லூரி மூடப்பட்டிருந்தமையால் வகுப்பு கைப்பேசியில் நேரலையாக வந்தது. ஆசிரியர் சொல்வது அவனுக்குக் கேட்டது. ஆனால் ஐயம் கேட்க அவன் ஒலிவாங்கியைத் திறந்தால் வகுப்பு முழுவதும் தறியோசை நிறைந்துவிடும். அந்தப் பருவத்தில் அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஒரு நாள், முகம் காட்டாதவர்க்கு வருகைப்பதிவு இல்லை என்றார் ஆசிரியர். அவனுக்குப் பின்னால் தாய் தார் சுற்றிக்கொண்டிருந்தார். அவன் வகுப்பை விட்டு வெளியேறினான்.

ஆசிரியர் கேட்டது முறைதானா? அவர் பக்கமும் வேதனை உண்டு. கறுப்புக் கட்டங்களை நோக்கி ஒரு மணி நேரம் பேசுவது எத்தகையதென்று, அவ்வாண்டில் வெற்று இருக்கைகளுக்கு மறையுரை ஆற்றிய நாமும் அறிவோம். எனினும், பிறர் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்த பின்னரே உள்ளே நுழைவது நம் ஊர் வழக்கமன்றோ? ஒளிப்படக்கருவியைத் திறக்கக் கட்டாயப்படுத்துவது அழையாமல் அடுக்களைவரை செல்வதாகும். 2021 சனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்க்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இணையத்தரவு இலவசமாக வழங்கியது. நல்ல உதவியே. ஆயினும் தனியறையையும் அமைதியையும் அட்டையில் வைத்துக் கொடுக்க இயலாது.

இங்கே இன்னொன்றும் எண்ணத்தக்கது. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்கள் பெரும்பாலும் முன்பே பதிவு செய்யப்பட்டவை. நேரலையெனத் தம்மைக் காட்டிக்கொள்வதில்லை. மாணவன் நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம், தறி ஓய்ந்த இரவில் பார்க்கலாம். நேரலைக்கு அதனினும் மேலான சிறப்பு ஒன்றே: மாணவன் குறுக்கிட்டுக் கேட்கலாம். அது இல்லையேல் நேரலையைவிடப் பதிவே நேர்மையானது. புனித அகுஸ்தினார் 'ஆசிரியர்' என்னும் நூலைத் தம் மகன் அதெயோதாத்துவுடன் நிகழ்த்திய உரையாடலாகவே அமைத்தார். சொற்கள் தாமாக அறிவைப் புகட்டுவதில்லை, கேட்பவன் தன் உள்ளத்தில் உண்மையை நோக்கியே தெளிகிறான் என்பது அவர் கருத்து. அவ்வாறெனில், மாணவன் கண்முன் இருக்கிறானா என்பதினும், அவனுக்கு விளங்கியதா என வினவி விடைக்குக் காத்திருந்தோமா என்பதே ஆசிரியர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது.

ஐயங்களை எழுத்தில் அனுப்புமாறு நாம் அந்த இளைஞனிடம் சொன்னோம். தயங்கியவன் ஓரிரவு, வீட்டு நிலையையும் சேர்த்து, எழுதி அனுப்பினான். மறுநாள் ஆசிரியர், பெயர் குறிப்பிடாமல், அந்தக் கணக்கை முதலிலிருந்து செய்து காட்டினாராம். முகம் காட்டுமாறு பிறகு எவரையும் அவர் கேட்கவில்லை.