இலைக்கு ஒரு நீதி, பூவுக்கு ஒரு நீதி

கூட்டேரிப்பட்டு நிறுத்தத்தில் திண்டிவனம் பஸ்ஸுக்காக நின்றிருந்த ஒரு அம்மாவின் மஞ்சப்பையிலிருந்து கோர்ட் காகிதம் எட்டிப் பார்த்தது. நாலாய் மடித்து மடித்து மடிப்பில் கிழிந்த காகிதம்.

"எம்புள்ள சட்டைப் பையில இருந்தது ரெண்டு பொட்டலம் தம்பி. ஜாமீன் அன்னைக்கே குடுத்துட்டாங்க. வாய்தாதான் ஓயல."

மெட்ராஸ் பக்கம் ஒரு கம்பெனியில் மகனுக்குக் கிடைத்த வேலை, போலீஸ் சரிபார்ப்பில் வழக்கு தெரிந்ததும் போய்விட்டதாம். வாய்தா நாளில் இவருக்குக் களையெடுப்புக் கூலியும் போகிறது.

நான் கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்கவில்லை. இளம் வயதில் தொடர்ந்து புகைத்தால் மனநோய் வரும் ஆபத்து கூடும். ஆனால் தீங்கை அளந்தா தண்டிக்கிறோம்? 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் செடியின் பூவும் காயும் சேர்ந்த நுனிதான் கஞ்சா. தனி இலை கஞ்சா இல்லை. அதனால்தான் காசியில் அந்த இலையை அரைத்து, பாங்கு என்று உரிமம் பெற்ற கடையில் விற்க முடிகிறது. சாமி பெயரைச் சொல்லிக் குடித்தால் மரபு, கூட்டேரிப்பட்டில் பொட்டலம் பிரித்தால் குற்றம். இங்கே 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பதும் அரசுதான். இதில் எங்கே இருக்கிறது அறிவியல்?

அறிவியல் இல்லாமலும் இல்லை. 1893-94-இல் வெள்ளைக்கார அரசு போட்ட கமிஷன் 1,193 பேரை விசாரித்து, மிதமான பழக்கத்தால் பெரிய கேடில்லை, முழுத் தடை வேண்டாம் என்றது. ஜம்முவில் மத்திய அரசின் ஆய்வுக்கூடம் அனுமதியோடு கஞ்சா வளர்த்து வலி மருந்து தேடுகிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம், மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுக்க ஓட்டுப்போட்டபோது இந்தியாவும் ஆதரித்தது. நாளை அந்த மருந்து அட்டையில் வரும். காப்புரிமை ஒருவருக்கு, லாபம் ஒருவருக்கு. வழக்கு மட்டும் இந்த அம்மாவின் பையிலேயே கிடக்க வேண்டுமா?

நியூயார்க் 2021-இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியபோது, பழைய வழக்குகளைத் துடைத்தது. வரி வருமானத்தில் 40 சதவீதத்தைப் பழைய சட்டம் நொறுக்கிய பகுதிகளுக்கென ஒதுக்கியது. நம் ஆய்வுக்குழுக்களிலும் கொள்கைக் கூட்டங்களிலும் கஞ்சாவை மருந்துச் சரக்காக அறிந்த சித்த வைத்தியருக்கு ஒரு நாற்காலி வேண்டும், பொட்டல வழக்கில் அலைந்தவனுக்கும் ஒன்று வேண்டும். சிறு வழக்குகளை ரத்து செய்துவிட்டுத்தான் மருந்து வியாபாரத்துக்குக் கதவு திறக்க வேண்டும்.

இன்றைய சட்டத்திலேயே 64-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. சிறு அளவோடு பிடிபட்டவன் பழக்கத்துக்கு அடிமையானவனாக இருந்து, தானே முன்வந்து அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால், வழக்கிலிருந்து விலக்கு. யாராவது சொன்னார்களா என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லலியே தம்பி." காகிதத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தைக் காட்டினார். "அந்த நம்பர இதுல எழுதிக் குடு. வக்கீலாண்ட காட்டறேன்."

எழுதிக் கொடுத்தேன். பஸ் வந்துவிட்டது.