‘மக்கும்’ என்ற ஒரு சொல்



சரக்கைக் கொஞ்சம் உயர்த்திப் பேசி விற்பது பாவமாகுமா என்ற கேள்வி பழையது. “எங்கள் மிட்டாய்க்கு ஈடு உண்டா?” என்று கடைக்காரர் கூவினால் அதை யாரும் சாட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை. வாயில் போட்டால் தெரிந்துவிடும். ஆனால் இக்காலத்தில் வேறொரு புகழ்ச்சி கடைதோறும் தொங்குகிறது. ‘பூமிக்கு நல்லது’, ‘இயற்கைக்கு உகந்தது’, ‘நூறு சதவீதம் மக்கும்’ என்று பையிலும் சோப்பிலும் பச்சை இலைப் படத்தோடு அச்சிடுகிறார்கள். இதை எந்த வாயில் போட்டுப் பார்ப்பது?

அர்ச். தோமாஸ் அக்குவினாஸ், விற்பனையில் நடக்கும் மோசடியைப் பற்றி எழுதுமிடத்தில், ஒற்றைக்கண் குதிரையை உதாரணம் காட்டுகிறார். கண் இல்லாதது வாங்குகிறவனுக்கே தெரிகிறது. விலையைக் குறைத்துக் கொடுத்தால் போதும், வாய்விட்டுச் சொல்லக் கடமையில்லை. வாங்குகிறவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ தரக்கூடிய மறைவான குறையோ அப்படியல்ல. விற்கிறவனே அதைச் சொல்லியாக வேண்டும். பச்சை இலைச் சரக்கின் குறைகள் பெரும்பாலும் மறைவானவையே. பையைத் தடவிப் பார்த்து எந்தத் தாயும் அது மக்குமா என்று கண்டுபிடிக்க முடியாது. அவள் நம்பி வாங்குகிறாள், அவ்வளவுதான்.

அந்தப் பையையே எடுத்துக்கொள்வோம். ‘மக்கும்’ பிளாஸ்டிக்குக்கான தரச் சோதனை, பெரிய உர ஆலையில் உள்ள நிலைமைக்கு ஏற்ப, சுமார் 58 டிகிரி சூட்டில் நடத்தப்படுகிறது. அங்கே அது சில மாதங்களில் மக்கிப்போகும் என்பது மெய்யே. நம் கொல்லைக் குழியில் அந்தச் சூடு நிலைத்து நிற்பதில்லை. கடலில் அறவே இல்லை. ஆனால் ‘மக்கும்’ என்று மட்டும் படித்தவள், வாய்க்கால் ஓரம் எறிந்தாலும் மண்ணாகிவிடும் என்றே நினைப்பாள். அப்படி நினைப்பாள் என்பது அச்சிட்டவருக்கும் தெரியும். அந்த நினைப்புக்காகத்தான் அவள் ஒரு ரூபாய் கூடக் கொடுக்கிறாள்.

“சுவாமி, அச்சிட்ட சொல் பொய்யில்லையே!” என்று சிலர் கேட்கலாம். வெளியே ஒரு சொல்லைச் சொல்லி, அதை மெய்யாக்கும் நிபந்தனையை மனதுக்குள் மறைத்து வைத்துக்கொண்டால் பொய்யாகாது என்று முற்காலத்தில் சில சாஸ்திரிகளும் வாதாடினார்கள். 1679-ம் ஆண்டில் 11-ம் இன்னொசென்ட் பாப்பரசர் அந்தப் போதனையைக் கண்டித்துத் தள்ளினார். பையின் மூலையில் எறும்புக்கால் அளவு எழுத்தில் நிபந்தனையைப் போடுவதும் ஏறக்குறைய அதே தந்திரம்தான். மனதுக்குப் பதில் மூலை.

அனனியாவும் சப்பீராளும் நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டது குற்றமல்ல. நிலமும் பணமும் அவர்களுடையவைதாமே என்று இராயப்பரே சொல்கிறார். பங்கைக் கொண்டுவந்து முழுமை என்று காட்டியதுதான் குற்றம். மூடியை மட்டும் பழைய பிளாஸ்டிக்கால் செய்துவிட்டு, புட்டி முழுவதும் அப்படியே என்று நினைக்க வைப்பவர் இந்தக் கதையை வாசிப்பது நல்லது.

இது சிறு கடைகளின் குற்றம் மட்டுமல்ல. வோக்ஸ்வாகன் கம்பெனி ‘சுத்தமான டீசல்’ என்று அமெரிக்காவில் விளம்பரம் செய்து கார்கள் விற்றது. சோதனை நடக்கும்போது மட்டும் புகையை அடக்கும் சூழ்ச்சி அவற்றுக்குள் இருந்தது 2015-ல் வெளிப்பட்டது. சாலையில் சில கார்கள் அனுமதித்த அளவைப் போல் 40 மடங்கு வரை நைட்ரஜன் நச்சுப்புகை கக்கின. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்தச் சூழ்ச்சி இருந்ததாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது.

நிற்க. நம் தேசத்துச் சட்டமும் இப்போது இதில் தலையிட்டிருக்கிறது. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விதிகளின்படி, ‘பசுமையானது’, ‘இயற்கைக்கு உகந்தது’ போன்ற பொதுச் சொற்களைத் தகுந்த ஆதாரமும் விளக்கமும் இல்லாமல் விளம்பரத்தில் போடக்கூடாது. சொல்வது சரக்கு முழுவதற்குமா, உறைக்கு மட்டுமா என்று காட்ட வேண்டும். ‘மக்கும்’ என்றால் நம்பத்தக்க சான்று வேண்டும். வருங்காலத்தில் செய்வோம் என்று சொல்ல, செய்வதற்கான தெளிவான திட்டம் கையில் இருக்க வேண்டும். பொய் விளம்பரத்துக்கு 2019-ம் ஆண்டுச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. உற்பத்தியாளர் மட்டுமல்ல, தம் சரக்கை விளம்பரம் செய்யும் வியாபாரியும் இந்த விதிகளுக்கு உட்பட்டவரே.

“பக்கத்துக் கடைக்காரன் இலைப் படம் போட்டு விற்கிறான், நான் உண்மையை எழுதினால் என் சரக்கு தங்கிவிடுமே.” இந்த முறையீடு நியாயமற்றதல்ல. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம் அந்தச் சரக்கில்தான் இருக்கிறது. ஆயினும் பக்கத்துக் கடையின் பொய் எட்டாம் கற்பனையை மட்டுமல்ல, ஏழாம் கற்பனையையும் மீறுகிறது: அந்த ஒரு ரூபாய் ஏமாற்றி எடுத்தது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமை உண்டு. வாங்கியவர்கள் யாரென்று தெரியாவிட்டால் அது ஏழைகளைச் சேரும். அதையும் நீங்கள் ஏன் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்?

பெரிய சொல்லை விட்டுச் சிறிய சொல்லை எழுதலாம். ‘இந்த அட்டைப்பெட்டி பழைய காகிதத்தால் ஆனது’, ‘உர ஆலையில் மட்டும் மக்கும்’ என்று எழுதலாம். துணிப்பை விற்பவரும், பலமுறை உபயோகித்தால்தான் பலன் என்று சொல்லித் தரலாம். மொத்த வியாபாரியிடம் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கிக் கல்லாப்பெட்டியில் வையுங்கள். அவர் தர மறுத்தால், பலகையிலிருந்து அந்தச் சொல்லை அழித்துவிட்டுப் பையை வெறும் பையாகவே விற்கலாம்.