உன் ஷூவில் நீயே கை வை!

ராசிங்காபுரத்துத் தம்பியே, தங்கச்சியே! ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டுப் பக்கம் கிளம்பும் கருக்கலில், நீ செம்மண் பாதையில் ஓடிப் பழகுகிறாய். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். அதற்காகத்தான் வீட்டில் கூலிக் காசிலிருந்து எடுத்து உனக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கித் தந்தார்கள். அந்த ஷூ இப்போது எந்தக் கோலத்தில் கிடக்கிறது?

சேறு அப்பி, ஈரம் ஊறி, நாற்றம் எடுத்து வாசல் மூலையில் கிடக்கிறதென்றால் எழுந்திரு! அம்மா கழுவி வைப்பார் என்று காத்திருக்காதே. காலையில் மலையேறிய அம்மா பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புகிறார். உன் ஷூவைக் கழுவுவது அவர் வேலை இல்லை.

காலில் போடுவதைக் கையால் தொட்டால் கௌரவக் குறைச்சல் என்கிறாயா? தென்னாப்பிரிக்காவில் காந்தி செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். வக்கீல் படித்த அந்தக் கை, சிறையில் தைத்த ஒரு ஜோடிச் செருப்பைத் தன்னைச் சிறையில் தள்ளிய ஜெனரல் ஸ்மட்ஸுக்கே 1914-இல் பரிசாகத் தந்தது. ஸ்மட்ஸ் அதைப் பல கோடைகள் அணிந்தார். அந்தச் செருப்பில் நிற்கத் தனக்குத் தகுதியில்லை என்று பிறகு எழுதவும் செய்தார். அந்தக் கைக்கு இல்லாத கௌரவக் குறைச்சல் உன் கைக்கு எங்கிருந்து வந்தது?

இன்னொருவரைப் பற்றியும் கேள். அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடன். 1964 முதல் 1975 வரையிலான 12 ஆண்டுகளில் 10 முறை தன் கல்லூரி அணியைத் தேசியப் பட்டம் வெல்ல வைத்தவர். நாட்டிலேயே சிறந்த ஆட்டக்காரர்கள் அவரிடம் வந்து சேர்வார்கள். முதல் பயிற்சியில் அவர் சொல்லித் தந்தது என்ன தெரியுமா? காலுறையைச் சுருக்கம் இல்லாமல் மாட்டுவது, லேஸை இறுக்கிக் கட்டுவது! சுருக்கம் இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் பயிற்சி போச்சு. அவ்வளவுதான் கணக்கு. உனக்கும் அதே கணக்குதான்.

சரி, வேலைக்கு வா. ஈரச் சேற்றில் கை வைக்காதே. தேய்க்கத் தேய்க்கச் செம்மண் நூலிழைக்குள் இறங்கிவிடும். நன்றாகக் காயவிடு. பிறகு இரண்டு ஷூவின் அடியையும் ஒன்றோடொன்று தட்டு. கட்டி கட்டியாக உதிரும். லேஸை உருவு, இன்சோலை வெளியே எடு. நாற்றத்தின் குடியிருப்பே அந்த இன்சோல்தான். அதைத் தனியாகத் துவைத்துத் தனியாகக் காயப்போடு. பழைய பல்துலக்கும் பிரஷ், பச்சைத் தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போதும். வெந்நீர் வேண்டாம், ஒட்டியிருக்கும் பசை இளகும். ரப்பர் விளிம்பில் கறுப்பேறியிருந்தால் ஆப்பசோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தேய்.

வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். வெளுக்கட்டும் என்று பிளீச்சிங் பவுடரில் ஊற வைத்தால் மஞ்சள்தான் பூக்கும். துணிக்குள் தங்கிப்போகும் சோப்பும் காயும்போது மஞ்சள் படியக் காரணமாகும். ஆகவே அலசும் தண்ணீர் தெளியும்வரை அலசு. கடைசித் தண்ணீரில் அரை எலுமிச்சையைப் பிழிந்துகொள். அப்புறம் வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஈர ஷூவின் மேல் சுற்றி ஒட்டிவிடு. ஈரம் வெளியே வரும்போது கூடவே வரும் அழுக்கு அந்தப் பேப்பரில் படியும். மறுநாள் உரித்துப் பார்; மஞ்சள் பேப்பரில் இருக்கும், ஷூ வெள்ளையாக இருக்கும். இதைப் பார்க்கும்போது உனக்குள் ஒரு நிமிர்வு வரும் பார், அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. நகரங்களில் ஷூ கழுவித் தருவதற்கே கடைகள் வந்துவிட்டன. உனக்கு எதற்குக் கடை? உன்னிடம் இரண்டு கை இருக்கிறது!

உச்சி வெயிலில் மட்டும் போடாதே. ரப்பர் வெடிக்கும், பசை விடும். காற்றோடும் நிழல் போதும். மலையிலிருந்து சாரல் அடிக்கும் ஆடி மாதத்தில் உள்ளே பழைய பருத்தித் துணியைத் திணித்து, நனைய நனைய மாற்று.

பாழாகிவிடுமே என்று புது ஷூவைப் பெட்டியோடு பீரோவில் பூட்டி வைத்திருக்கும் தங்கச்சி, உனக்கும் சொல்கிறேன். பாலியூரித்தேன் அடிப்பாகம் உள்ள ஷூ, போடாமல் கிடந்தாலும் காற்றின் ஈரத்தில் சிதையும். சில வருஷம் கழித்து ஆசையாக எடுத்து மாட்டினால் பத்தடியில் அடி பொடிப்பொடியாக உதிரும். பூட்டி வைத்து எதையும் காப்பாற்ற முடியாது. இன்றைக்கே வெளியே எடு. அடியை விரலால் அழுத்திப் பார். கெட்டியாக இருக்கிறதா? லேஸைக் கட்டு. நாளைக் காலை ஜீப் சத்தம் கேட்கும்போது நீ பாதையில் இருக்க வேண்டும். சாயங்காலம் உன் கையில் பிரஷ் இருக்க வேண்டும்!