அடுப்படியில் ஒரு ஸ்தோத்திர பலி



 

நன்றியறிதலைக் குறித்து எழுத வேண்டும் என்று ஜெபித்தபோது, ஆண்டவர் என்னை எந்தப் பெரிய கூட்டத்துக்கும் கொண்டுபோகவில்லை. என் வீட்டு அடுப்படிக்கே கொண்டுபோனார். கொஞ்சம் வெட்கத்தோடுதான் இந்தச் சாட்சியை எழுதுகிறேன்.

1996ஆம் வருஷம். நாங்கள் ஊழியத்துக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வாடகை வீடு, சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலை மூணு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும். என் மனைவி எழுந்துபோய்ப் பிடிப்பாள். அந்த நேரம் நான் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருப்பேன். குடம் வைக்கிற சத்தம் என் ஜெபத்தைக் கெடுக்கிறது என்று அவளிடம் கோபப்பட்டதும் உண்டு!

ஒரு வெள்ளிக்கிழமை. சபையில் உபவாச ஜெபம். ஸ்தோத்திரப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சபையாரோடு ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்லி முடித்தேன். சந்தோஷமாய் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால், ரசத்தில் உப்பு கரித்தது. "இதை மனுஷன் சாப்பிடுவானா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆயிரம் ஸ்தோத்திரம் சொன்ன அதே வாய்தான்!

அடுத்த வாரம் அவள் குழாயடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துபோனது. மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம் எந்த வேலையும் செய்யக்கூடாது. தண்ணீர் பிடிக்கிறது, சமைக்கிறது, பிள்ளைகளுக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்புகிறது எல்லாம் என் தலையில் வந்தது. முதல் நாள் எட்டுக் குடம் சுமந்ததற்கே இடுப்பு விட்டுப்போயிற்று. இத்தனை வருஷம் இதை யார் சுமந்தது என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை உலை வைத்துவிட்டு அரிசி களைய எடுத்தேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்தபடியே, "என்னங்க, முதல்ல ஒரு பிடி எடுத்து அந்த டப்பாவுல போட்டுடுங்க" என்றாள். பிடி அரிசிக் காணிக்கை! மாதக் கடைசி, வீட்டில் இருந்ததே ஒரு படி அரிசிதான்.

"நமக்கே பத்தாது. இதுலயும் எடுக்கணுமா?" என்றேன்.

"ஒரு பிடியில நாம குறைஞ்சுபோக மாட்டோம். சும்மா போடாதீங்க, ஸ்தோத்திரம் சொல்லிப் போடுங்க. நான் தினமும் வீட்டுல ஒருத்தர் பேரைச் சொல்லி ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் பண்ணித்தான் போடுவேன்."

திங்கட்கிழமை மூத்தவள். செவ்வாய்க்கிழமை சின்னவன். புதன்கிழமை என் அம்மா. ஆமாம், இவளைக் குறை சொல்லிக்கொண்டே இருந்த என் அம்மாவுக்கும் ஒரு நாள் இருந்தது!

"வெள்ளிக்கிழமை யாருக்கு?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தாங்க" என்றாள்.

நான் தட்டைத் தள்ளினதும் ஒரு வெள்ளிக்கிழமைதானே! அன்றைக்கும் எனக்காக ஸ்தோத்திரம் சொல்லித்தான் உலை வைத்திருக்கிறாள். கையில் அரிசியோடு நின்று அழுதேன். பிள்ளைகள் முன்பாகவே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கல்யாணமான நாள்முதல் அவளுக்கு நான் ஒரு நன்றி சொன்னதில்லை. அன்றைக்குத்தான் சொன்னேன்.

பிரியமானவர்களே, யோவான் 6ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஒரு பையனிடம் இருந்தது 5 வாற்கோதுமை அப்பமும் 2 மீனும். வாற்கோதுமை அப்பம் ஏழைகள் சாப்பாடு. கூட்டமோ ஆண்கள் மட்டுமே ஏறக்குறைய 5000 பேர். ஆண்டவர் எப்போது ஸ்தோத்திரம் பண்ணினார்? 12 கூடை நிரம்பின பிறகா? இல்லை! கையில் அஞ்சு அப்பம் மட்டும் இருந்தபோதே பண்ணினார். நாமோ, கடன் தீரட்டும், மகளுக்கு வரன் அமையட்டும், அப்புறம் ஸ்தோத்திரம் சொல்லலாம் என்று கூடை நிரம்பக் காத்திருக்கிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த அப்பத்தைச் சுட்டது யார் என்று வேதம் சொல்லவில்லை. ஆனாலும் யாரோ ஒருவர் மாவு பிசைந்து, அடுப்பு மூட்டிச் சுட்டிருக்கத்தான் வேண்டும். பேர் தெரியாத அந்தக் கையின் வேலையைத்தான் ஆண்டவர் தம்முடைய கையில் எடுத்து ஆசீர்வதித்தார்.

லூக்கா 17ஆம் அதிகாரத்தில் 10 குஷ்டரோகிகளும் சுகமானார்கள். திரும்பி வந்தவன் ஒருவன்தான். மற்ற 9 பேரும் ஆண்டவரைத் திட்டவில்லை. நன்மையை வாங்கிக்கொண்டு தங்கள் வழியே போய்விட்டார்கள், அவ்வளவுதான். சபையில் நான் அந்த ஒருவன். வீட்டிலோ அந்த 9 பேரில் ஒருவனாய் இருந்தேன். நீங்கள் எப்படி?

ஒரு வார்த்தை. குடியும் அடி உதையுமாய் இருக்கிற வீட்டில், அதற்கும் ஸ்தோத்திரம் சொல்லிச் சகித்துக்கொண்டே இருங்கள் என்று நான் எழுதவில்லை. தேவன் தீமையை நன்மை என்று சொல்கிறவர் அல்ல. அப்படிப்பட்ட சகோதரிகள் மறைக்காமல் வெளியே சொல்லுங்கள், உதவி கேளுங்கள். உங்களுக்காக ஜெபிக்கவும் உங்களோடு நிற்கவும் சபை கடமைப்பட்டிருக்கிறது.

மற்றவர்களே, இன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் விண்ணப்பங்களைச் சொல்வதற்கு முன்னே, ஒருவருக்கொருவர் பேர் சொல்லி நன்றி சொல்லுங்கள். சகோதரரே, உங்கள் மனைவியிடம் தொடங்குங்கள். வாலிபத் தம்பி, தங்கச்சி, துவைத்து மடித்த துணி தானாக அலமாரிக்கு வரவில்லை! கூச்சமாய்த்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

என் மனைவியின் கை குணமாகிவிட்டது. மழைக்காலத்தில் மட்டும் வலிக்கும். பிள்ளைகள் தங்கள் தங்கள் குடும்பமாய் இருக்கிறார்கள். அந்த அரிசி டப்பா இன்றும் எங்கள் அடுப்படியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் நான்தான் அரிசி போடுவேன், அவள் பேரைச் சொல்லி.

ஜெபிப்போமா?

அன்பின் பரலோகத் தகப்பனே, எங்கள் வீட்டில் நீர் வைத்திருக்கிறவர்களைக் காணாமல் போன எங்கள் கண்களைத் திறந்தருளும். முறுமுறுத்த வாயை மன்னியும். கொஞ்சமாய் இருக்கும்போதே ஸ்தோத்திரம் பண்ண எங்களுக்குக் கற்றுத்தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே, ஆமென்.